சொந்த ஊரில் தோற்ற மந்திரி பெசார்: மர்ஹூம் டத்தோ ஓன் பின் ஜாபார்

பொன்விழா மலருக்கு ஜொகூர் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது நமக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. நாம் எழுத்தாளர் அல்லோம். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, சில காலம் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, கடைசியில் அத்தாவின் மளிகை வியாபாரத்துக்கே திரும்பி வந்தோம். உணவகங்களுக்கு அரிசி, எண்ணெய், மசாலாத்தூள் கொண்டுபோய்ப் போடுவது நம் தொழில். வாரத்தில் மூன்று நாள் நம்முடைய வேன் பண்டார் டத்தோ ஓன் பக்கம் போகிறது.

ஒரு நாள் வேனில் கூட வந்த தம்பி, ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர், அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு யார் இந்த டத்தோ ஓன் என்று கேட்டார். அம்னோவை உண்டாக்கியவர் என்றோம். அப்படியானால் அவர்தான் முதல் பிரதமரா என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை என்று சொல்லத் தெரிந்தது. ஏன் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் நாம் ஜொகூரில் பிறந்து, இங்கேயே பள்ளியில் சரித்திரப் பாடம் படித்தவர்கள். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

டத்தோ ஓன் 1895 பிப்ரவரி 5ஆம் தேதி ஜொகூர் பாருவில் பிறந்தார். தந்தை டத்தோ ஜாபார் பின் ஹாஜி முகமது, ஜொகூரின் முதல் மந்திரி பெசார். தாயார் ருக்கையா ஹானும், துருக்கியிலிருந்து ஜொகூர் அரண்மனைக்கு வந்த பெண்மணி. டத்தோ ஜாபாரின் பிள்ளைகளில் மூன்று பேர் பின்னாளில் மந்திரி பெசார் பதவிக்கு வந்தார்கள் என்றால் அந்தக் குடும்பத்தின் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். சுல்தான் இப்ராஹிம் சிறுவன் ஓனைத் தம் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தார். இளவரசர்களோடு சேர்த்து இங்கிலாந்துக்குப் படிக்கவும் அனுப்பினார். 1904 முதல் 1910 வரை அங்கே. பிறகு கோலாகங்சார் மலாய்க் கல்லூரி. அதன் பிறகு அரசாங்கக் குமாஸ்தா வேலை.

இப்படி அரண்மனை நிழலில் வளர்ந்தவர், 1927இல் அதே சுல்தானின் நிர்வாகத்தைக் குறை சொல்லிச் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் எழுதி, ஜொகூரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கடலிடுக்கைத் தாண்டி சிங்கப்பூரில் குடியேறினார். 1930இல் தொடங்கிய வார்த்தா மலாயா நாளிதழுக்கு ஆசிரியரானார். அந்தப் பத்திரிகை அல்சகோப் என்ற அரபுக் குடும்பத்தாருடையது. மலாய்ப் பத்திரிகைத் தொழிலே நம்மவர் கை பட்டுத் தொடங்கியது என்பதை இளைய பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள். முதல் மலாய்ப் பத்திரிகையான ஜாவி பெரானாக்கான் 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. அதை நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம் தகப்பன்மாருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த வழியினர். அந்த வரிசையில் வந்த தொழிலில்தான் டத்தோ ஓன் பேனா பிடித்தார். மலாய்க்காரர் ஏன் பின்தங்கினார்கள், நிலம் யார் கையில் போகிறது, படிப்பு ஏன் இல்லை என்று நாள்தோறும் எழுதினார். 1936இல் சுல்தானோடு மனத்தாங்கல் தீர்ந்து ஜொகூர் திரும்பினார்.

இவருடைய துணிச்சலுக்கு அடையாளமாகப் பலரும் சொல்வது பத்து பகாட். 1945 ஆகஸ்டில் ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, வெள்ளைக்காரன் வந்து சேரும் வரை, காட்டிலிருந்து இறங்கிய கெரில்லாப் படையினர் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் படையில் பெரும்பாலோர் சீனர்கள். பதிலுக்குக் கம்பத்து மலாய்க்காரர்கள் கியாய் சாலே என்பவர் தலைமையில் கத்தி எடுத்தார்கள். இரு தரப்பிலும் குடும்பம் குடும்பமாக மாண்டார்கள். அந்த நேரத்தில் பத்து பகாட் மாவட்ட அதிகாரியாக வந்தவர் டத்தோ ஓன். கியாய் சாலேயை நேரில் போய்ப் பார்த்து, திட்டமிட்டிருந்த தாக்குதலை நிறுத்த வைத்தார். நம்முடைய நன்னா அந்த நாளில் பத்து பகாட்டில் ஒரு கடையில் சிப்பந்தி. மாதக் கணக்கில் கடைப் பலகையை அரைவாசிக்கு மேல் திறக்கவில்லை என்று அத்தாவிடம் சொல்லியிருக்கிறார். யார் யாரை வெட்டினாலும் நடுவில் கடை வைத்திருப்பவன் பாடு திண்டாட்டம்தான்.

1946இல் நடந்தது பாடப் புத்தகத்திலேயே இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கி மலாயன் யூனியனைக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் அரசு. சுல்தான்களின் அதிகாரம் பெயரளவுக்கு ஆனது. மார்ச் மாதம் கோலாலம்பூரில் மலாய்ச் சங்கங்களின் மாநாடு. மே 11ஆம் தேதி ஜொகூர் பாரு இஸ்தானா பெசாரில் அம்னோ பிறந்தது, டத்தோ ஓன் தலைவர். மலாய்க்காரர்கள் சொங்கோக்கில் வெள்ளைத் துணி சுற்றித் துக்கம் காத்தார்கள். இரண்டு வருடத்துக்குள், 1948 பிப்ரவரி 1ஆம் தேதி, மலாயன் யூனியன் போய் மலாயா கூட்டரசு வந்தது. இதற்கிடையில் 1947இல் டத்தோ ஓன் ஜொகூர் மந்திரி பெசார் ஆனார். நாடு முழுதும் மலாய்க்காரர்கள் அவரைத் தம் தலைவராக ஏற்றிருந்த காலம் அது. அன்றைக்குத் தேர்தல் என்று ஒன்று வைத்திருந்தால் அவரை எதிர்த்து நிற்க ஆள் கிடைத்திருக்காது என்று நினைக்கிறோம். ஆனால் தேர்தல் அன்றைக்கு வரவில்லை.

1949இல் சமூகத் தொடர்புக் குழு என்று ஒன்று அமைந்தது. மலாய்க்காரர் பக்கம் டத்தோ ஓன், சீனர் பக்கம் டான் செங் லோக், இலங்கைத் தமிழர் வழிவந்த துரைசிங்கம் முதலியோர் அதில் உட்கார்ந்து பேசினார்கள். இந்த மண்ணில் பிறந்த, இங்கேயே வாழ்ந்துவிட்ட மற்ற இனத்தாருக்குக் குடியுரிமையைத் தளர்த்துவது, மலாய்க்காரரின் பொருளாதாரத்தை உயர்த்துவது, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற கருத்து அங்கே உருவானது. இன்றைய மாராவின் முன்னோடியான ரிடா 1950இல் தொடங்கியபோது அதன் தலைவரும் டத்தோ ஓன்தான். மந்திரி பெசார் பதவியை அதே ஆண்டில் விட்டார்.

குடியுரிமை யோசனையை அம்னோவுக்குள் பலர் ஏற்கவில்லை. 1950 ஜூனில் தலைவர் பதவியைத் துறந்தார். உறுப்பினர்கள் பதறிப்போய் ஆகஸ்டில் அவரையே மிகப் பெரும் ஆதரவோடு திரும்ப அழைத்து உட்கார வைத்தார்கள். இந்த வெற்றிதான் அவரைத் தவறாக எண்ண வைத்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது. கடையில் சம்பளத் தகராறு செய்து ஒரு முறை கோபித்துக்கொண்டு போனவரை முதலாளி வீட்டுக்கே வந்து கூப்பிட்டால், அடுத்த முறையும் வருவார் என்றுதான் அவர் நினைப்பார்.

அடுத்த ஆண்டு டத்தோ ஓன் வைத்த யோசனை அதைவிடப் பெரியது. அம்னோவின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும், கட்சிப் பெயரில் மலாய்க்காரர் என்று இருப்பதை மலாயாவினர் என்று மாற்ற வேண்டும் என்றார். ஆங்கில முதலெழுத்துகள் அப்படியே இருக்கும், பொருள் மட்டும் மாறிவிடும். கட்சி ஏற்கவில்லை. 1951 ஆகஸ்டில் விலகினார். இந்த முறை யாரும் வீட்டுக்கு வந்து கூப்பிடவில்லை. ஆகஸ்ட் 26ஆம் தேதி துங்கு அப்துல் ரகுமான் புதிய தலைவரானார்.

இந்த இடத்தில் நம் சங்கத்துப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒன்று சொல்லிவிடுகிறோம். நம் சங்கத்திலும் ஒரு காலத்தில் இதே வழக்கு நடந்தது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து ஜனாஸாச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் கைகொடுக்கத் தொடங்கியது சங்கம். ஜொகூரில் உள்ள தமிழ் முஸ்லிம்கள் எல்லாரையும் சேர்க்கலாம் என்று சிலர் சொன்னபோது, நம் ஊர்ப் பணம் நம் ஊர்ப் பிள்ளைக்கு என்று சிலர் எழுந்து போனார்கள். கதவைத் திறந்தவர்கள் கருமிகளும் அல்லர், மறுத்தவர்கள் கெட்டவர்களும் அல்லர். தனக்கென்று ஒரு கூரை வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு. பத்து வருடம் கழித்துத்தான் கதவு திறந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. டத்தோ ஓன் அந்தப் பத்து வருடம் காத்திருக்க விரும்பவில்லை.

1951 செப்டம்பர் 16ஆம் தேதி கோலாலம்பூரில் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். எல்லா இனத்தாருக்கும் ஒரே கட்சி. பத்தாண்டுக்குள் சுயாட்சி என்பது இலக்கு. தொடக்கக் கூட்டத்துக்கு மசீச தலைவர் டான் செங் லோக்கே தலைமை வகித்தார். அப்போதைய மஇகாவும் ஆதரவு தந்தது. மேடையைப் பார்த்தால் நாடே கூடி நின்றது போல் இருந்திருக்கும். ஐந்தே மாதத்தில் எல்லாம் மாறியது.

1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல், 12 இடங்கள். சிலாங்கூர் மசீசவின் எச்.எஸ். லீயும் கோலாலம்பூர் அம்னோவின் டத்தோ யாஹ்யாவும் தமக்குள் பேசிக்கொண்டு, எந்த வட்டாரத்தில் யார் நிற்பது என்று இடங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கொள்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வியாபாரிக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு கடைக்காரர்கள் தங்கள் கடைகளை ஒன்றாக்கச் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் ஒரே கொள்கலனில் சரக்கு இறக்கி வாடகையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போடுவார்கள். அம்னோ, மசீச அணி 9 இடங்களைப் பிடித்தது. டத்தோ ஓன் கட்சிக்கு 2. ஒன்று சுயேச்சைக்கு. இந்தச் சின்ன நகராட்சித் தேர்தலில் பிறந்த ஏற்பாடுதான் பிறகு மஇகாவையும் சேர்த்துக்கொண்டு கூட்டணியாகி நாட்டை ஆண்டது.

முதல் தோல்வியில் டத்தோ ஓனுக்காக நாம் வருந்துகிறோம். அடுத்ததில் அவ்வளவு வருந்த முடியவில்லை. 1953இல் சீன சமூகத் தலைமையைக் கடுமையாகச் சாடிப் பேசினார். பழைய நண்பர்கள் விலகினார்கள். 1954 பிப்ரவரியில் சுதந்திரக் கட்சியைக் கைவிட்டு பார்ட்டி நெகாரா என்ற புதுக் கட்சி கண்டார். பெயருக்கு எல்லாரும் சேரலாம். ஆனால் பேச்சு முழுக்க மலாய் வாக்காளர்களை நோக்கி இருந்தது. வெளியிலிருந்து குடியேறுவதைக் கட்டுப்படுத்த வேண்டும், மலாய் ஒன்றே தேசிய மொழியாக வேண்டும் என்பவை முன்னுக்கு வந்தன. மூன்று வருடத்துக்கு முன்பு எல்லாரையும் உள்ளே அழைக்கிறார் என்பதற்காக மலாய்க்காரர்கள் இவரை விட்டார்கள். இப்போது மற்றவர்களும் விட்டார்கள். மலாய்க்காரர்களோ திரும்பி வரவில்லை. அவர்களுக்கு அம்னோ இருந்தது, அதைக் கட்டித் தந்தவரே இவர்தான்.

1955 ஜூலை 27ஆம் தேதி மலாயாவின் முதல் பொதுத்தேர்தல். கூட்டரசு சட்டமன்றத்தின் 98 இடங்களில் 52 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். பதிவு செய்த வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். அவர்களில் 84 சதவிகிதம் மலாய்க்காரர், 11 சதவிகிதம் சீனர், மீதி 5 சதவிகிதத்துக்கும் குறைவானதில்தான் இந்தியர்களும் மற்றவர்களும். நாட்டின் மக்கள்தொகையில் மலாய்க்காரர் சுமார் பாதிதான். மற்றவர்களில் மிகப் பலர் குடிமக்களாகப் பதிவு பெறவில்லை. நம்முடைய நன்னாவும் அப்படித்தான். கணக்குப் புத்தகத்தில் கடனாளிகளின் பெயரைத் தவிர வேறு எந்தப் பட்டியலையும் அவர் அறிந்ததில்லை. தேர்தல் நாளில் கடையைத் திறந்து வைத்து, வாக்குப் போட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வார். பிறகு பல காலம் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்து, நீல அட்டை கைக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1951இல் டத்தோ ஓனின் யோசனையை அம்னோ ஏற்றிருந்தால் நன்னாவின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியிருக்குமா என்று நாம் யோசித்துப் பார்த்ததுண்டு.

பார்ட்டி நெகாரா 30 இடங்களில் நின்றது. டத்தோ ஓன் தேர்ந்தெடுத்தது தாம் பிறந்த ஜொகூர் பாரு. தந்தையும் அண்ணன்மாரும் தாமும் மந்திரி பெசாராக இருந்த தலைநகரம், ஒன்பது வருடத்துக்கு முன்பு அம்னோவைத் தொடங்கிய ஊர். எதிரில் அம்னோ நிறுத்தியது சுலைமான் பின் டத்தோ அப்துல் ரகுமான். டாக்டர் இஸ்மாயிலின் சகோதரர். அவர்களுடைய தந்தை டத்தோ அப்துல் ரகுமான் யாசின் பிற்காலத்தில் மேலவையின் முதல் தலைவரானவர். ஆக இவர்களும் ஜொகூர் பாருவில் பெயர் பெற்ற குடும்பத்தார்தாம்.

டத்தோ ஓனிடம் குறைகள் இருந்தன. முன்கோபி என்ற பெயர் முதலிலிருந்தே உண்டு. 1951இலிருந்து பிரிட்டிஷ் நிர்வாகத்தில் உள்துறை உறுப்பினராக இருந்தவர். அவசரகாலக் கெடுபிடி நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. வெள்ளைக்காரனோடு மேசையில் உட்கார்ந்திருப்பவர் என்று எதிரணியினர் சொல்லுவதற்கு அது போதுமானதாக இருந்தது. கூட்டணியோ நான்கு வருடத்தில் மெர்டேக்கா என்றது. கம்பத்தில் வாக்குக் கேட்க வருபவரிடம் மக்கள் விளக்கம் கேட்பதில்லை, எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள்.

முடிவு வந்தது. 52இல் 51 கூட்டணிக்கு. கிரியான் தொகுதி ஒன்று மட்டும் பாஸ் கட்சிக்கு. பார்ட்டி நெகாராவுக்கு நூற்றுக்கு எட்டு வாக்கு அளவில் கிடைத்தது, இடம் ஒன்றுகூட இல்லை. ஜொகூர் பாருவில் டத்தோ ஓன் சுலைமானிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அப்போது அவருக்கு வயது 60. அதே தேர்தலில் வென்ற மஇகாவின் சம்பந்தன் துங்குவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். தோற்கடித்த சுலைமானும் அமைச்சரானார். 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி சுதந்திரம் வந்தபோது, அந்த இயக்கத்துக்கு முதல் கல் வைத்தவரிடம் மக்கள் தந்த பதவி ஒன்றும் இல்லை.

இத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற பெரிய மனிதராக மரியாதையோடு இருந்திருக்கலாம். நமக்குத் தெரிந்து, ஒரு சங்கத் தேர்தலில் தோற்றதற்காகப் பள்ளிவாசலுக்கே நேரம் மாற்றி வருகிறவர்கள் உண்டு. டத்தோ ஓன் 1959இல் மறுபடியும் நின்றார். ஜொகூரில் அன்று, தெற்கு முனையை விட்டுக் கிழக்குக் கரையில் கோலா திரங்கானு செலாத்தானில் நின்றார். திரங்கானு மாநிலத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு அதே ஆண்டு நான்கு இடங்கள் கிடைத்திருந்தன. நாட்டில் அவர் கட்சிக்குப் பிடிப்பு மிச்சமிருந்த இடம் அது. ஆகஸ்ட் 19ஆம் தேதித் தேர்தலில் வென்றார். 104 பேர் கொண்ட மக்களவையில் பார்ட்டி நெகாராவின் ஒரே உறுப்பினர்.

அந்த முதல் மக்களவையின் சபாநாயகர் டத்தோ முகமது நோவா ஓமார், டத்தோ ஓனின் மகன் உசேனுடைய மாமனார். சம்பந்தி நாற்காலியில் இருக்க, எழுந்து நின்று சபாநாயகர் அவர்களே என்று விளித்துத்தான் டத்தோ ஓன் பேச வேண்டும். டத்தோ நோவாவின் இன்னொரு மருமகன் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக், அவர் அரசாங்க வரிசையில். தாம் வளர்த்த கட்சியினரை எதிர்வரிசையிலிருந்து பார்த்தபடி, தனி ஆளாக, இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் அங்கே உட்கார்ந்திருந்தார். இந்தக் காட்சியை நினைத்தால் நமக்கு 1955 தோல்வியைவிட இதுதான் மனத்தைத் தொடுகிறது.

1962 ஜனவரி 19ஆம் தேதி ஜொகூர் பாருவில் வஃபாத்தானார். வயது 66. மஹ்மூதியா அரச மையவாடியில் அடக்கமானார். சுல்தானைக் குறை சொல்லி ஊரை விட்டுப் போனவருக்கு அரச குடும்பத்தார் அடங்கிய இடத்திலேயே மண் கிடைத்தது.

மகன் உசேன் ஓன் 1951இல் தந்தையோடு அம்னோவை விட்டவர். இந்தியாவில் டேராடூன் ராணுவக் கழகத்தில் பயிற்சி பெற்றவர், பின்னர் லண்டனில் சட்டம் படித்தவர். தந்தை இறந்து ஆறு வருடம் கழித்து, 1968இல், சகலை துன் ரசாக் அழைத்ததன்பேரில் அம்னோவில் திரும்பச் சேர்ந்தார். 1969 பொதுத்தேர்தலில் அவருக்குக் கட்சி கொடுத்த தொகுதி ஜொகூர் பாரு தீமோர். தந்தையைக் கைவிட்ட அதே ஊர், தந்தையைத் தோற்கடித்த அதே கட்சியின் சின்னத்தில் நின்ற மகனை ஜெயிக்க வைத்தது. 1976 ஜனவரி 15ஆம் தேதி அவர் நாட்டின் மூன்றாவது பிரதமரானார். நம் சங்கம் பதிவு பெற்ற ஆண்டும் அதுதான். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, டத்தோ ஓன் பெயரை மட்டும் சரியாக எழுதியிருக்கிறாயா என்று இரண்டு முறை பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டோம்.

வேனில் வரும் தம்பிக்கும் இப்போது பதில் சொல்லியாயிற்று. முழுக் கதையும் சொல்லி முடிக்க பாசிர் கூடாங் போய் வர வேண்டியிருந்தது.